உதவி என்ற சொல்

சென்ற மாதம் ஒரு வாசகி எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். என் நாவல்களை அநேகமாக எல்லாவற்றையும் படித்தவர் என்பது கடிதத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஒரு பக்கம் நிறையப் பாராட்டு. பக்கத்தின் அடியில் ஒரு கேள்வி: "உங்கள் கதைகளில் எல்லாரும் சாப்பிடுகிறார்கள். விருந்துகூட நடக்கிறது. கதாநாயகன் கை கழுவிக்கொண்டு திண்ணைக்கு வந்து வாழ்க்கையின் அர்த்தத்தைப் பற்றிப் பேசத் தொடங்குகிறான். அந்த எச்சில் இலையை யார் எடுத்தார்கள் என்று நீங்கள் ஒரு நாவலில்கூட எழுதவில்லையே, ஏன்?"

படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். நல்ல குறும்புக்காரப் பெண் என்று எண்ணிக்கொண்டு, கடிதத்தை மனைவியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவள் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தாள். சிரிக்கவில்லை. "நியாயமான கேள்விதான்" என்று சொல்லி, கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு எனக்கும் சிரிப்பு வரவில்லை. அன்றிரவு வெகுநேரம் தூங்காமல் படுத்திருந்தேன். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நான் எங்கும் எழுதாத ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. எழுதாததற்குக் காரணம் வெட்கம்தான். காலையில் மனைவியிடம் அனுமதி கேட்டேன். "என் பெயரைப் போடாமல் எழுதுங்கள்" என்றாள். ஆகவே பெயரைப் போடாமல் எழுதுகிறேன்.

அது 1983-ஆம் ஆண்டு. திருச்சி உறையூரில் ஒண்டுக்குடித்தனம். ஐந்து குடும்பங்களுக்கு ஒரே கிணறு, ஒரே குழாய். நான் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவுக் குமாஸ்தா. மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. மூத்தவனுக்கு மூன்று வயது. இளையவள் பிறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. பிரசவ விடுப்பு முடிந்து மனைவி மறுபடியும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள். பகலில் குழந்தைகளை என் தாயார் பார்த்துக்கொண்டார்.

அந்த நாட்களில் நான் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து நாவல் எழுதுவேன். எழுத்தாளனுக்கு ஒழுங்கு வேண்டும் என்று நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். நான் எழுந்து வரும்போது மேஜைமேல் காப்பி இருக்கும். ஐந்து மணிக்குக் காப்பி இருக்க வேண்டுமானால், வேறு ஒருவர் நாலரை மணிக்கு எழுந்திருக்க வேண்டும். கூட்டல் கழித்தலையே தொழிலாகக் கொண்டிருந்த எனக்கு இந்த எளிய கணக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

ஒரு நாள் மாலை அலுவலகத்திலிருந்து திரும்பினேன். ஸ்டவ்வில் பால் பொங்கி வழிந்து தீய்ந்த நாற்றம். தூளியில் குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. தாயார் பெரியவனை அழைத்துக்கொண்டு கோயிலுக்குப் போயிருந்தார். மனைவி ஆட்டுக்கல்லின் எதிரில் உட்கார்ந்திருந்தாள். மாவு பாதி அரைபட்டு நின்றது. குழவியின்மேல் கை இருந்தது, கை அசையவில்லை. கண்கள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. சுவரில் ஒன்றும் இல்லை.

"என்ன ஆச்சு?" என்றேன்.

"ஒண்ணும் இல்லை" என்றாள். எழுந்து போய்க் குழந்தையை எடுத்தாள்.

இந்த "ஒண்ணும் இல்லை" என்ற பதிலை அடுத்த மூன்று வாரங்கள் கேட்டுக்கொண்டே இருந்தேன். வீட்டில் எந்த வேலையும் நிற்கவில்லை. அவள் சமைத்தாள், துவைத்தாள், பள்ளிக்கூடம் போய்வந்தாள், இரவில் விளக்கின் அடியில் உட்கார்ந்து பரீட்சைத் தாள்களைத் திருத்தினாள். பேச்சு மட்டும் நின்றுவிட்டது. ஒரு நாள் நடு இரவில் எனக்கு விழிப்பு வந்தது. பக்கத்தில் அவள் இல்லை. வெளியே போய்ப் பார்த்தேன். கிணற்றடியில் தனியாக நின்றுகொண்டிருந்தாள். "துணி உலர்த்த வந்தேன்" என்றாள். அவள் கையில் துணி இல்லை.

"பிள்ளை பெத்த உடம்புடா. நாளானாத் தானாச் சரியாப் போயிடும்" என்றார் தாயார். அவர் ஆறு பெற்றவர். அவருக்கு யாரும் வைத்தியம் பார்க்கவில்லை. நானும் அப்படியே நம்பியிருப்பேன். அந்தக் கிணறு என்னை நம்பவிடவில்லை. மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அவளை ஒரு லேடி டாக்டரிடம் அழைத்துப் போனேன்.

டாக்டரம்மா வயதானவர். அவளைத் தனியாக வெகுநேரம் விசாரித்தார். பிறகு என்னை உள்ளே அழைத்தார். நோயைப் பற்றிச் சொல்லப்போகிறார் என்று எதிர்பார்த்து உட்கார்ந்தேன். அவரோ என்னைக் கேள்வி கேட்கத் தொடங்கினார்.

"குழந்தைக்கு அடுத்த முத்தடுப்பு ஊசி என்றைக்கு?"

எனக்குத் தெரியவில்லை.

"பெரிய பையனுக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது?"

தெரியவில்லை.

"வீட்டில் மண்ணெண்ணெய் எத்தனை நாளைக்கு இருக்கிறது?"

அதுவும் தெரியவில்லை. அவர் என் மனைவியின் பக்கம் திரும்பி அதே கேள்விகளைக் கேட்டார். மூன்று வாரங்களாக வாய் திறவாதவள், மூன்றுக்கும் மூச்சுவிடாமல் பதில் சொன்னாள். ஊசி போடும் தேதி, மருந்தின் பெயர், "நாளை மறுநாள் காலை வரைக்கும்தான் எண்ணெய் வரும்" என்பது வரை.

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "இது நோய். சோம்பலும் அல்ல, பிடிவாதமும் அல்ல. மருந்து தருகிறேன், வாரம் ஒரு முறை அழைத்து வாருங்கள். ஆனால் மருந்து பாதி வேலைதான் செய்யும். மீதிப் பாதி உங்கள் வீட்டில் இருக்கிறது. ஒரு வீட்டின் ஞாபகம் முழுவதையும் ஒரே தலையில் ஏற்றி வைத்திருக்கிறீர்கள்" என்றார்.

நான் கெட்ட கணவனாக இருந்தேன் என்று நீங்கள் எண்ணிவிடக்கூடாது. குடிப்பழக்கம் இல்லை. கை நீட்டியது இல்லை. சம்பளக் கவரை அப்படியே அவளிடம் கொடுத்துவிடுவேன். அவளை நேசித்தேன். ஊரும் உறவும் என்னைத் தங்கமான பிள்ளை என்றே சொல்லின. அதனால்தான் இந்தக் கதை எழுதத்தக்கது என்று நினைக்கிறேன். கொடுமைக்காரக் கணவனைப் பற்றி எழுதுவது சுலபம். படிப்பவர்கள் அதைப் பக்கத்து வீட்டுக்காரனின் கதையாக எடுத்துக்கொண்டுவிடலாம். நல்ல கணவனின் வீட்டில் ஒரு பெண் நள்ளிரவில் ஏன் கிணற்றடியில் நின்றாள்? அந்தக் கேள்வியிலிருந்து எளிதில் தப்ப முடியாது.

மறுநாளே திருந்திவிட்டதாக எண்ணினேன். அவளுக்கு உதவி செய்வது என்று முடிவு கட்டினேன். மாலையில் வந்ததும் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, "இப்ப நான் என்ன செய்யணும்? சொல்லு" என்பேன். அவள் சொல்வாள், செய்வேன். செய்துவிட்டு மறுபடியும், "அடுத்தது என்ன?" என்பேன். நாலைந்து நாள் போயிற்று. ஒரு நாள் அவள் களைத்த குரலில் சொன்னாள்: "என்னங்க, என்ன செய்யணும்னு யோசிச்சு யோசிச்சுச் சொல்றதும் எனக்கு ஒரு வேலைதானே?"

அப்போது எனக்குக் கோபம் வந்தது. உதவி செய்கிறவனிடம் இப்படியா பேசுவது என்று நினைத்தேன். கோபம் அடங்கிய பிறகு அந்த "உதவி" என்ற சொல்லைப் பற்றியே யோசிக்கத் தொடங்கினேன். இன்று வரையில் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

உதவி என்றால் என்ன? வேலை ஒருவருடையது, இன்னொருவர் மனமிரங்கி அதில் சிறிது கை கொடுக்கிறார். கை கொடுத்தவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அவர் விரும்பும்போது வருவார், விரும்பாதபோது வரமாட்டார், வராவிட்டால் குற்றம் இல்லை. நான் பெற்ற குழந்தையின் துணியை நான் அலசினால் அது யாருக்கு உதவி? நான் சாப்பிட்ட தட்டை நான் கழுவினால் யாருக்கு உபகாரம்? "உதவி செய்கிறேன்" என்று நான் சொன்ன ஒவ்வொரு முறையும், "இந்த வேலை உன்னுடையது" என்று அவளுக்கு நினைவூட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். ஒன்றைக் கொடுத்து ஒன்றை அவள் தலையில் வைத்திருக்கிறேன்.

ஒரு நாள் குழாயடியில் குழந்தைத் துணிகளை அலசிக்கொண்டிருந்தேன். பக்கத்துக் குடித்தனத்து அம்மாள் பார்த்துவிட்டு, என் மனைவியிடம், "கொடுத்து வச்சவடி நீ!" என்றார். என் மனைவி அதே குழாயடியில் மூன்று வருஷமாகத் துவைத்திருக்கிறாள். "கொடுத்து வைத்தவன்" என்று ஒருவரும் என்னைச் சொன்னதில்லை. நான் ஒரு வாளித் துணியை அலசினேன். எனக்குப் புகழும் அவளுக்குக் கடனும் வந்து சேர்ந்தன. அன்று மாலை என் தாயாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். மகன் துணி அலசுவதைக் கண்டால், தாம் ஒருவராகச் சுமந்த அத்தனை ஆண்டுகளும் வேறு விதமாக இருந்திருக்கலாமோ என்ற எண்ணம் எழாமல் இருக்குமா? அது தாங்கக்கூடிய எண்ணம் அல்ல.

இதைப் பற்றி ஒரு முறை என் நெருங்கிய நண்பரோடு விவாதம் நடந்தது. அவர் கேட்டார்: "அன்பு இருக்கும் இடத்தில் கணக்கு எதற்கு? குடும்பம் என்ன கூட்டுறவுச் சங்கமா, ஆளுக்கு இத்தனை பங்கு என்று பிரிக்க? கணக்குப் பார்க்கத் தொடங்கினால் அன்பு செத்துவிடும்."

இது அழகான வாதம். இதை இலேசாகத் தள்ளிவிட முடியாது. தாய் குழந்தைக்குப் பால் கொடுக்கும்போது அளந்தா கொடுக்கிறாள்? ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். "அன்பு கணக்குப் பார்க்காது" என்று நான் கேட்ட இடங்களில் எல்லாம், பெறுகிறவர்தாம் அதைச் சொன்னார். கொடுத்துக் களைத்தவர் சொல்லி நான் கேட்டதில்லை. மேலும், நம் வீடுகளில் கணக்கே இல்லையா? பால்காரர் கணக்கு இருக்கிறது. மளிகைக் கணக்கு, சலவைக் கணக்கு, வாடகை, வட்டி எல்லாம் நோட்டுப் புத்தகத்தில் இருக்கின்றன. ஒரே ஒருவருடைய உழைப்பு மட்டும் எந்த நோட்டிலும் ஏறுவதில்லை. ஏறாததற்கு நாம் வைத்திருக்கும் பெயர் அன்பு.

கணக்கு என்றாவது ஒரு நாள் வெளியே வரத்தான் செய்கிறது. 2023-ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் ஒரு வழக்கு வந்தது. கணவர் வெளிநாட்டில் உழைத்துச் சம்பாதித்தார். மனைவி ஊரில் வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார். வாங்கிய சொத்து யாருக்கு என்பது வழக்கு. வீட்டைக் கவனித்த உழைப்பும் அந்தச் சொத்துக்கு அளித்த பங்குதான், அதனால் மனைவிக்கும் சம உரிமை உண்டு என்று நீதிமன்றம் சொல்லிற்று. நல்ல தீர்ப்பு. ஆனால் அந்தக் கணக்கு நீதிமன்றத்தில் பார்க்கப்பட்டபோது, வீட்டில் பார்ப்பதற்குக் காலம் கடந்துவிட்டது அல்லவா? நியாயம் அன்புக்கு விரோதி அல்ல என்று அதைப் படித்தபோது தோன்றிற்று. வீட்டில் நியாயம் இருந்தால் அன்பு அங்கே கவலையின்றி இருக்கும். இல்லையென்றால், கொஞ்ச நாள் நடித்துவிட்டு வெளியேறிவிடும்.

பிற்காலத்தில் இந்த விஷயத்தைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் படித்தேன். லண்டனில் காம்பர்வெல் என்ற பகுதியில் வாழ்ந்த பெண்களின் மனச்சோர்வை ஜார்ஜ் பிரவுன், டிரில் ஹாரிஸ் என்ற இருவர் ஆராய்ந்து 1978-ல் ஒரு நூல் வெளியிட்டார்கள். வாழ்க்கையில் இடி விழும்போது எல்லாப் பெண்களும் நோயில் வீழ்வதில்லை. எளிதில் வீழ்கிறவர்கள் யார் என்று தேடினார்கள். நான்கு காரணங்கள் தெரிந்தன. 14 வயதுக்கு உட்பட்ட மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகள் வீட்டில் இருப்பது. வெளி வேலை இல்லாமல் இருப்பது. 11 வயதுக்கு முன் தாயை இழந்திருப்பது. மனம்விட்டுப் பேச நெருங்கிய துணை இல்லாமல் இருப்பது. இந்தக் கடைசிக் காரணத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டேன். நான் இருந்தேன். ஒரே கூரையின் கீழ், பன்னிரண்டு அடி தூரத்தில், மனித மனத்தின் ஆழங்களைப் பற்றி எழுதிக்கொண்டு இருந்தேன். ஆனாலும் அவளுக்குத் துணை இல்லை.

அமெரிக்காவில் ராஸ், மிரவ்ஸ்கி, ஹ்யூபர் என்ற மூவர் கணவன் மனைவி இருவரையும் விசாரித்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அது வந்த ஆண்டும் 1983தான். மனைவி வேலைக்குப் போகிறாள், இருவருக்கும் அதில் சம்மதம், ஆனால் வீட்டு வேலை முழுவதும் அவள் பொறுப்பு என்று இருக்கும் குடும்பங்களில், கணவன் சௌக்கியமாக இருந்தான், மனைவிதான் சோர்ந்திருந்தாள். வேலையைப் பகிர்ந்துகொண்ட குடும்பங்களிலோ, இருவருக்குமே மனச்சோர்வு மற்ற எல்லாரையும்விடக் குறைவாக இருந்தது. வேலையை எடுத்துக்கொண்டதனால் ஆண் வாடிப்போகவில்லை. என்னை அதிகமாக உறுத்தியது முதலில் சொன்ன விஷயம். ஒரே வீடு, ஒரே சாப்பாடு, ஒரே படுக்கை. ஒருவர் சௌக்கியம், ஒருவர் நோயாளி. சௌக்கியமாக இருப்பவனுக்குத் தன் சௌக்கியம் எங்கிருந்து வருகிறது என்பதே தெரிவதில்லை.

அதெல்லாம் பழைய கதை, இப்போது காலம் மாறிவிட்டது என்று சொல்வார்கள். நம் அரசாங்கம் நாடு முழுவதும் மக்கள் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று கணக்கெடுத்திருக்கிறது. 2019-ல், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிஷம் அதற்குக் கொடுத்தாள். அப்படி வேலை செய்யும் ஆண் கொடுத்தது 97 நிமிஷம். அதுவும் நூறு ஆண்களில் ஏறக்குறைய 26 பேர்தாம் செய்தார்கள்; மற்றவர்கள் அந்தப் பக்கமே போகவில்லை. 2024-ல் மறுபடியும் எடுத்தார்கள். பெண்ணுக்கு 289 நிமிஷம், ஆணுக்கு 88. பெண்ணின் பாரத்தில் பத்து நிமிஷம் குறைந்தது. அதை ஆண் வாங்கிக்கொள்ளவில்லை. அவனும் தன் பங்கில் ஒன்பது நிமிஷத்தைக் குறைத்துக்கொண்டுவிட்டான். இவை கடிகாரத்துக்கு அகப்பட்ட நிமிஷங்கள். வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டே, "வீட்டில் எண்ணெய் நாளை மறுநாள் வரைக்கும்தான்" என்று நினைத்துக்கொண்டிருந்தாளே, அந்த நினைப்பை எந்தக் கடிகாரம் அளக்கும்?

அப்படியானால் சரிபாதியாகப் பிரித்துக்கொள்வதுதான் வழியா? அதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஓர் இளம் தம்பதி சென்னையில் இருக்கிறார்கள். இருவரும் கம்ப்யூட்டர் கம்பெனியில் நல்ல வேலையில் இருப்பவர்கள். பிரிட்ஜ் கதவில் ஓர் அட்டவணை ஒட்டியிருந்தார்கள். திங்கள் பாத்திரம் அவன், செவ்வாய் அவள் என்று துல்லியமான பங்கீடு. ஒரு செவ்வாய்க்கிழமை அவளுக்குக் காய்ச்சல். பாத்திரங்கள் மறுநாள் காலை வரை தொட்டியில் அப்படியே கிடந்தன. "உன் முறைதானே என்று விட்டுவிட்டேன்" என்றானாம். அநியாயம் ஒன்றும் இல்லை; அட்டவணைப்படி அவன் சொன்னது சரி. ஆனால் அன்று அவள் அழுதாள்.

இங்கே நியாயம் இருந்தது, கவனம் இல்லை. என் வீட்டில் அன்பு இருந்தது, கவனம் இல்லை. இரண்டு வீட்டிலும் குறைந்தது ஒன்றே என்று நான் முடிவுக்கு வந்திருக்கிறேன். மனத்தை ஒடிப்பது வேலையின் பளு மட்டும் அல்ல. "இதை நான் நினைக்காவிட்டால் இந்த உலகத்தில் வேறு யாரும் நினைக்க மாட்டார்கள்" என்ற தனிமைதான் ஒடிக்கிறது. அந்தத் தனிமையை வாளிக் கணக்கில் உதவி செய்து போக்க முடியாது. அட்டவணை போட்டும் போக்க முடியாது. ஒரு வேலையை, தொடக்கம் முதல் முடிவு வரை, நினைப்பது உட்பட, "இது என்னுடையது" என்று ஒருவன் எடுத்துக்கொள்ள வேண்டும். அவன் எடுத்துக்கொண்டான் என்ற நம்பிக்கையில் அவள் அதை மறந்துபோக வேண்டும். பகிர்வு என்பது, மற்றவருக்கு மறக்கும் உரிமையைக் கொடுப்பது. வள்ளுவர் தம் ஆறாம் அதிகாரத்துக்கு வாழ்க்கைத் துணைநலம் என்று பெயர் வைத்தார். மனைவியின் சிறப்பைச் சொல்லும் அதிகாரம் அது. ஆனால் துணை என்ற சொல் ஒரு பக்கம் மட்டுமா நடக்கும்? எனக்குத் துணையாக வந்தவளுக்கு நான் யார்?

நான் எடுத்துக்கொண்டது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. டாக்டரம்மாவின் யோசனைப்படி மூன்று வேலைகளை முழுவதும் என்னுடையவை ஆக்கிக்கொண்டேன். குழந்தைகளின் மருந்து, ஊசி, டாக்டர், மண்ணெண்ணெய், ரேஷன், இரவில் இரண்டு மணிக்கு மேல் குழந்தை அழுதால் எழுவது. முதல் மாதம் ரேஷன் தேதியை மறந்தேன். வீட்டில் சர்க்கரை இல்லை. அவளுக்குத் தேதி தெரியும்; சொல்லாமல் இருந்தாள். வெல்லக் காப்பி குடித்தோம். அவள் சொல்லாமல் இருந்தது எவ்வளவு பெரிய காரியம் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கிற்று. கொடுத்த வேலையைத் திரும்பப் பிடுங்காமல் இருப்பதும் பகிர்வில் சேர்ந்ததுதான். மறு மாதம் நான் மறக்கவில்லை.

ஐந்தாறு மாதம் ஆயிற்று, அவள் பழையபடி பேசத் தொடங்க. மருந்தும் காரணம், டாக்டரம்மாவும் காரணம். பாத்திரம் கழுவினால் மனநோய் தீர்ந்துவிடும் என்று யாரிடமும் சொல்ல மாட்டேன். நோய்க்கு வைத்தியரிடம்தான் போக வேண்டும். ஆனால் ஒரு நாள் மாலை அவள் ஆட்டுக்கல்லின் எதிரில் உட்கார்ந்து, வகுப்பில் ஒரு பையன் செய்த குறும்பைச் சொல்லிச் சிரித்தாள். தூளியை ஆட்டிக்கொண்டே கேட்டேன். அன்று நான் எழுதவில்லை. அந்த நாவல் இரண்டு வருஷம் தாமதமாக வந்தது. அதனால் தமிழ் இலக்கியத்துக்கு நஷ்டம் எதுவும் ஏற்பட்டதாக இதுவரை யாரும் முறையிடவில்லை.

எனக்குக் கிடைத்ததையும் சொல்ல வேண்டும். என் மகளுக்கு நாலு வயதில் கடுமையான காய்ச்சல் வந்தது. நினைவு தப்பிய நிலையில் அவள் "அப்பா" என்றுதான் கூப்பிட்டாள். இரவு இரண்டு மணி விழிப்புகளுக்கு இதைவிடப் பெரிய கூலி இல்லை. இன்னொன்று: வேலையிலிருந்து ஓய்வுபெற்ற என் நண்பர்கள் பலர் தங்கள் வீட்டிலேயே விருந்தாளிகளாக ஆகிவிட்டதைப் பார்க்கிறேன். ஒருவருக்கு மனைவி இறந்துபோனாள். துக்கம் விசாரிக்கப் போனேன். எனக்குக் காப்பி போடுகிறேன் என்று உள்ளே போனவர் வெகுநேரம் வரவில்லை. போய்ப் பார்த்தால், ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார். "சர்க்கரை எதில் இருக்கிறது என்று தெரியவில்லை" என்று சொல்லிவிட்டு, சின்னப் பிள்ளையைப்போல் அழுதார். நாற்பது வருஷம் வாழ்ந்த வீடு. இழப்பின் துக்கம் ஒரு பக்கம்; ஒரு டம்ளர் காப்பிக்கு வழி தெரியாத அவமானம் ஒரு பக்கம். பெண்ணின் தலையில் எல்லாவற்றையும் ஏற்றி வைத்ததற்கு ஆண் கொடுக்கும் விலை கடைசியில்தான் தெரிகிறது.

இதற்கெல்லாம் சுலபமான வழி, வேலைக்கு ஓர் ஆள் வைத்துக்கொள்வது என்று சிலர் சொல்வார்கள். நாங்களும் பிறகு வைத்துக்கொண்டோம். ஆனால் நம் வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டுப் போகிறவர் தம் வீட்டுக்குப் போய் மறுபடியும் பாத்திரம் தேய்க்கிறார். அவருடைய கணவர் நம் வீட்டைப் பார்த்து என்ன கற்றுக்கொள்வார்? பாரத்தை இன்னொரு பெண்ணின் தலைக்கு மாற்றிவிட்டு, பகிர்ந்துவிட்டோம் என்று நாம் சொல்லிக்கொள்ளக்கூடாது.

இந்தக் கட்டுரையை இது வரையில் எழுதி முடித்துவிட்டு மனைவியிடம் படித்துக் காட்டினேன். "இப்போதாவது நியாயமாக இருக்கிறதா?" என்று கேட்டேன். பாராட்டை எதிர்பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

"பாதின்னு சொல்ல மாட்டேன்" என்றாள். சற்று யோசித்துவிட்டு, "ஆனா இப்பல்லாம் ராத்திரி படுத்தா உடனே தூங்கிடறேன்" என்றாள்.

கேள்வி கேட்ட வாசகிக்கு என் பதில் இதுதான்: அம்மா, என் கதைகளில் எச்சில் இலையை யார் எடுத்தார்கள் என்று நான் எழுதாததற்குக் காரணம், வெகுகாலம் அது எனக்குத் தெரியாது என்பதுதான். தெரிந்த பிறகு எழுதாததற்குக் காரணம் வெட்கம்.

இதைப் படிக்கும் ஆண்களுக்கு ஒரு வார்த்தை. டாக்டரம்மா எனக்கு வைத்த பரீட்சையை நீங்களும் எழுதிப் பாருங்கள். இன்று இரவு ஒரு காகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக் காலை முதல் இரவு வரை உங்கள் வீட்டில் என்னென்ன நடந்தாக வேண்டும், எது தீர்ந்துபோகும் நிலையில் இருக்கிறது, யாருக்கு எப்போது மருந்து, எந்தக் குழந்தைக்கு எது வேண்டும் என்று எழுதுங்கள். மனைவியைக் கேட்கக்கூடாது. எழுதி முடித்தபின் அதை அவரிடம் காட்டுங்கள். விட்டுப்போனவற்றை அவர் சொல்வார். அவற்றில் ஒன்றை, ஒன்றே ஒன்றை, இனிமேல் அவர் மறந்துவிடலாம் என்று சொல்லுங்கள். சொன்ன பிறகு நீங்கள் மறக்காமல் இருங்கள்.